என் குரலில் அப்பாவைக் கூப்பிட்டவள்

பத்துப் பன்னிரண்டு வயதில் இந்த மொன்றியலுக்கு வந்திறங்கி, பிரெஞ்சு வகுப்பில் ஒரு வருடம் வாய் திறக்காமல் இருந்து, பிறகு இங்கேயே தலை நரைத்து, இப்போது கார் ஓட்டுகிற வயதில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது ஒரு சின்ன விஷயமாகத் தோன்றலாம். உங்களுக்குத் தோன்றாது.

மழையாக விழுந்து நிலத்தில் பட்டதும் கண்ணாடியாகிற மழை உங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் அப்படி ஒரு பின்னேரம், என் மகளின் கார் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் வழுக்கிப் பக்கத்துப் பள்ளத்தில் சரிந்து நின்றது. அவள் அங்கே கல்லூரியில் முதல் வருடம். காயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெல்ட் இழுத்த இடத்தில் தோள் கன்றியிருந்தது. நான் வேலை செய்யும் அலுவலகம் டோர்வலில் இருக்கிறது. அந்த வளைவுக்கு அங்கிருந்து அதிக நேரம் எடுக்காது. ஆனால் மகள் என்னைக் கூப்பிடவில்லை. மொன்றியல் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறியோடு வரிசையில் நின்ற ஒரு மனிதரைக் கூப்பிட்டிருக்கிறாள். மொன்றியல் தீவின் மேற்கு நுனியில் பிள்ளை, கிழக்குப் பக்கத்தில் அவர், நடுவில் நான். அவர் லொறியைக் கூட வேலை செய்பவரிடம் கொடுத்துவிட்டு, தன் வான் வண்டியில் முழுத் தீவையும் கடந்து, என் அலுவலக யன்னலுக்குக் கீழே ஓடுகிற அதே இருபதாம் இலக்க நெடுஞ்சாலையால் போய், அவளைக் கூட்டிவந்து எங்கள் வீட்டு வாசலில் விட்டார்.

"தம்பி, பிள்ளையை ஏசாதேங்கோ. பயந்துபோய் நிக்கிறா" என்றார். என் பிள்ளையைப் பற்றி, எனக்கு.

அவர் மகளின் சிநேகிதியினுடைய தகப்பன். மன்னார்ப் பக்கம். என்னைவிடச் சில வயது மூத்தவர், அதனால் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பெண்பிள்ளைகளையும் தங்கள் தேவாலயத்தின் கார் தரிப்பிடத்தில், பூசை இல்லாத நாட்களில், மாறி மாறி ஓட்டவைத்துப் பழக்கியவர் அவர்தான். முதலில் நான்தான் பழக்கத் தொடங்கினேன். அது நீடிக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் என் வலது கால் தானாகவே தரையை மிதிக்கும், கை கதவைப் பிடிக்கும், வாய் மூன்று சந்திக்கு முன்னரே பிரேக் பிரேக் என்று சொல்லத் தொடங்கிவிடும். ஒரு நாள் மகள் தெருவோரத்தில் காரை நிறுத்தி, திறப்பை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனாள். அடுத்த கிழமை அவள் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். பின்பக்கமாக எடுத்து நிறுத்தப் பழகிவிட்டாளாம்.

பள்ளத்தில் இறங்கிய பிறகு அவள் காரைத் தொடவில்லை. திருத்தி வந்த கார் வாசலில் பனி மூடி நின்றது. தை மாதம் வகுப்புத் தொடங்குவதற்குள் ஓட்டமுடியாவிட்டால் சென்ட்-ஆனை விட்டுவிட்டு நகருக்குள் ஏதாவது ஒன்றுக்கு மாறப்போகிறேன் என்றாள். மாட்டு வைத்தியத்தில் ஆசைப்பட்டு, தானே தேடி, தானே எழுதிப் போட்டு எடுத்த இடம் அது. அந்த வளைவில் ஒருதரம் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அங்கிள் பக்கத்தில் இருந்தால்தான் என்றாள். அங்கிளிடம் என் மனைவி கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதில், "தகப்பன் வாயால கேக்கட்டும். அவர் ஓம் எண்டால் வாறன்."

ஆகவே நான் அவருக்கு ஒரு தொலைபேசி எடுக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். என் மகளின் பக்கத்து இருக்கையில் வந்து இருங்கோ என்று இன்னொரு மனிதரைக் கேட்கவேண்டும். அதைச் செய்ய எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அந்தக் கிழமை முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது என் அப்பாவையும், ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண்பிள்ளையையும்தான்.

அப்பா எனக்கு நாலு வயதாக இருக்கும்போது கனடாவுக்கு வந்துவிட்டார். அம்மாவும் நானும் வந்து சேரும்போது எனக்குப் பத்து. அப்போது வெளிநாட்டு விமானங்கள் மிராபெலில்தான் இறங்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில், படத்தில் பார்த்த முகத்தைத் தேடினேன். அம்மா என் தோளைத் தட்டிக் காட்டிய மனிதரின் கழுத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளை ஏறியிருந்தது. இரண்டு கையாலும் அவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது வேறு யாருடையவோ அப்பா என்று நினைத்து, நான் பார்வையை மற்றப் பக்கம் திருப்பினேன்.

அவர் எனக்கென்று ஒரு குளிர்ச்சட்டை கொண்டுவந்திருந்தார். வான நீலம், நெஞ்சில் ஒரு கரடிக்குட்டி. கை நுழைந்தது, ஆனால் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கழுத்திலிருந்த பிள்ளையை வைத்து அளவு பார்த்து, அதைவிட ஓர் அளவு கூட்டி எடுத்தேன் என்று அம்மாவுக்கு விளக்கினார். என் மணிக்கட்டுகளைப் பார்த்தபடி நின்றார். அந்த நேரம் மேலேயிருந்து அந்தப் பிள்ளை சொன்னது:

"அப்பா, பசிக்குது."

சொன்ன விதம் விசித்திரமாக இருந்தது. 'அப்பா' என்ற சொல் கீழே தொடங்கி, அதன் வால் மெலிந்து மெலிந்து மேலே ஏறியது. நான் அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை என்றுதான் நினைத்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெட்டிகளை எண்ணுவதுபோலக் குனிந்தாள்.

அந்தப் பிள்ளை, அப்பா அறை எடுத்திருந்த வீட்டுக்காரரின் ஒரே மகள். பார்க் எக்ஸ்டென்ஷனில், வெளியே இரும்புப் படி வைத்த ஒரு வீட்டின் இரண்டாம் மாடி. வீட்டுக்கார மாமி தையல் தொழிற்சாலைக்குப் போவா, மாமா பிளாஸ்டிக் செய்கிற இடமொன்றில். இருவருக்கும் பகல் வேலை. அப்பாவுக்கு டோர்வலில், விமானத்தில் பயணிகள் தின்று முடித்த தட்டுகளும் தள்ளுவண்டிகளும் திரும்பி வரும், அவற்றைக் கழுவும் வேலை. விடிய முதல் போய் மதியம் கழிய வந்துவிடுவார். அதனால் அந்தப் பிள்ளையை கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் இருந்து கூட்டிவருவதும், பால் காய்ச்சுவதும், சோறு தீத்துவதும் அவர் பொறுப்பாகிவிட்டது. யாரும் பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு இல்லை. அந்த நாளில் எத்தனை வீடுகளில் இப்படித்தான் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் வேலைக்குப் போகும்போது மற்றவர் கதவைத் திறந்துகொண்டு வருவார், நடுவில் பிள்ளை கைமாறும்.

நாங்கள் மூவரும் அந்த ஓர் அறையில்தான் குளிர்காலம் முழுக்க இருந்தோம். அறை நடுவே ஒரு சேலையைக் கட்டி, யன்னல் பக்கத்தை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். வெப்பக் குழாய்களின்மேல் எல்லாருடைய காலுறைகளும் காயும். அந்த நனைந்த கம்பளி மணமும் மாமியின் தேங்காய்ப்பூச் சம்பல் மணமும் கலந்ததுதான் எனக்கு மொன்றியலின் முதல் மணம். அப்பா சட்டைப்பையில் வேலையிடத்திலிருந்து சின்னச் சின்னச் சாமான்கள் கொண்டுவருவார். விரல் அளவு உப்புப் பொட்டலம், மூடி பிரிக்காத வெண்ணெய்ப் பெட்டி, பிளாஸ்டிக் கரண்டி. மாமியின் மகள் வாசல் கதவடியில் காத்திருந்து, இரண்டு பையிலும் கையை விடுவாள். அவள் எடுத்து முடித்தபின் மிச்சத்தை அவர் எனக்குத் தருவார். உப்புப் பொட்டலங்கள்தான் மிஞ்சும்.

அவர் ஒரு நல்ல தகப்பனாக இருந்தார். அதை நான் அந்தச் சேலைத் திரைக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் பார்த்தேன். பனிக்கு உடுத்தும்போது எதற்குப் பின் எது என்று அவருக்குத் தெரியும். முதலில் தடித்த காற்சட்டை, பிறகு சப்பாத்து, பிறகு மேற்சட்டை, தொப்பி, கடைசியில் கையுறை. கையுறையை முதல் போட்டால் பிள்ளை மற்ற ஒன்றையும் பிடிக்கமாட்டாது. அன், தூ, துறுவா என்று பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே போட்டு முடிப்பார். அவளுடைய மயிரை இரண்டாகப் பிரித்துப் பின்னுவார். அப்பிளைத் தோல் சீவிப் பிறைபிறையாக வெட்டுவார். அவள் எப்போது நித்திரைக்கு அழுகிறாள், எப்போது பசிக்கு அழுகிறாள் என்று குசினியில் நின்றே சொல்வார். மாமிக்கே தெரியாது, அவரைத்தான் கேட்பா.

எனக்கும் அதையே செய்தார். அதுதான் பிரச்சினை. பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், லீவு போட்டுக் கூட வந்து, பள்ளி வாசலில் முழங்காலில் இருந்து என் சப்பாத்து நாடாவைக் கட்டினார். என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின வருடம் நான் அயலவர்களோடு சேர்ந்து பங்கர் வெட்டியவன். மண்ணெண்ணெய்க்கு விடிய விடிய வரிசையில் நின்றவன். விமானச் சத்தத்தை வைத்து அது குண்டுபோடுகிறதா, வேவு பார்க்கிறதா என்று அம்மாவுக்குச் சொன்னவன். எனக்குத் தெரியும் என்று காலை இழுத்தேன். சரி, சரி என்றபடி மற்றக் காலையும் கட்டினார். றோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடிப்பார். படங்களுக்கு நிறம் தீட்டுகிற புத்தகம் ஒன்று வாங்கித் தந்தார். அதேமாதிரி அவளுக்கும் ஒன்று.

அவருக்கு ஐந்து வயதுவரைதான் தெரிந்திருந்தது என்பதை இப்போது விளங்கிக்கொள்கிறேன். அதற்குமேல் எந்தப் பிள்ளையையும் அவர் வளர்த்துப் பார்த்திருக்கவில்லை. அப்போது எனக்கு விளங்கியதெல்லாம், அவளுக்குச் செய்யும்போது அவர் கை தயங்குவதில்லை, எனக்குச் செய்யும்போது தயங்குகிறது என்பதுதான்.

மாசி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த இரும்புப் படியில் வழுக்கினேன். நாடி ஒரு படி விளிம்பில் அடித்துப் பிளந்தது. வாய்க்குள் இரும்பும் இரத்தமுமாக ஒரே ருசி. மேலே கதவு திறந்து அப்பா ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் அவள் வந்து, கீழே பனியில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, வீரிட்டு அழத் தொடங்கினாள். அப்பா இரண்டு படி இறங்கியவர், நின்று, திரும்பிப் போய் அவளைத் தூக்கினார். தூக்கி, முகத்தைத் தன் தோளில் மறைத்துப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் என்னிடம் வந்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"நீ பெரிய பிள்ளைதானே" என்றார்.

அவர் என்னைப் பெரிய பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தையல் போட்ட இடம் இன்றும் சவரம் செய்யும்போது கையில் தட்டும்.

நாங்கள் வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அது வீட்டில் பெரிய கதையாகிவிட்டது. அப்பா சோற்றை உருட்டிக்கொண்டு பின்னால் திரிவார், அவள் வாயை இறுக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். முன்பு கோப்பை துடைத்தமாதிரிச் சாப்பிடுவாள், இப்போதுதான் இப்படி என்று மாமி கவலைப்பட்டுச் சொல்வா. 'இப்போது' என்ற சொல் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் நெஞ்சில் போய்க் குத்தியது. எங்களைத்தான் சொல்கிறா என்று அம்மா எடுத்துக்கொண்டாள். நான் அதில் சந்தோசப்பட்டேன். அவளுக்கும் என்மேல் பொறாமை என்று நினைத்து, சாப்பாட்டு நேரங்களில் வேண்டுமென்றே அப்பாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒரு பெண் அம்மாவிடம் சிரித்துக்கொண்டு, உங்கட மனுசன் இஞ்ச தனிக்கட்டை மாதிரி இருக்கேல்லை, குடும்பக்காரன் மாதிரித்தான் இருந்தவர் என்று சொல்லியிருக்கிறா. அதில் கெட்ட எண்ணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டார் கடைக்குப் போயிருந்த நேரம், அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். சேலைத் திரைக்கு இந்தப் பக்கம் நான்.

"நான் இந்த வீட்டில விருந்தாள் மாதிரி இருக்கிறன்" என்று அம்மா மெல்லச் சொன்னாள். "ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

அப்பா பேசவில்லை. குழாயில் வெந்நீர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், "ஒண்டு."

நான் கட்டிலில் எழும்பி இருந்தேன். வென்றுவிட்டேன் என்று இருந்தது. அந்தப் பதிலுக்கு முன்னால் அவர் பேசாமல் இருந்தாரே, அந்த நேரத்தை நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

பனி உருகிக் கறுத்த நாட்களில் நாங்கள் லசாலுக்கு வீடு மாறினோம். அப்பா ஒரு கிழமை நாளைத் தேர்ந்தெடுத்தார். காலையில் மாமிக்குப் பதிலாகத் தானே அவளை உடுத்தி கார்டெரிக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அன்று வேலைக்குப் போகாமல், சாமான்களைக் கட்டத் தொடங்கினார். மாமாவும் லீவு போட்டு உதவிக்கு நின்றார். மெத்தையை அவர் முன்பக்கமும் நான் பின்பக்கமுமாகப் பிடித்து இரும்புப் படியால் இறக்கினோம். பிறகு நான் அப்பாவின் கசெட் ரேப் ரெக்கோடரை எடுத்தேன். மூடி உடைந்து, இறப்பர் வளையம் போட்டு இறுக்கி, அலுமாரிக்குப் பின்னால் துணியால் சுற்றி வைத்திருந்தது. மாமா அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இதைக் கொண்டுபோனா எங்கட பெட்டை என்னெண்டு சாப்பிடுவாளடா? அவள் கதைக்கப் பழகினதே உன்ர கசெட்டில தானே."

நான் விளங்காமல் நின்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். ஊரிலிருந்து யாராவது வரும்போதெல்லாம் நாங்கள் குரல் பதிந்து அனுப்புவோமே, அந்தக் கசெட்டுகள். அப்பா அவளுக்குச் சோறு தீத்தும்போது அவற்றைத்தான் போடுவாராம். என் குரல் கேட்டால்தான் வாய் திறப்பாளாம். 'அப்பா, பசிக்குது எண்டு சொன்னா அம்மா அடிக்க வாறா' என்று நான் முறைப்பாடு சொல்கிற இடம் வந்தால் அவளும் கூடச் சொல்வாளாம். தன் தகப்பனைப் பப்பா என்றும் அவரை அப்பா என்றும் கூப்பிடத் தொடங்கினது அதனால்தானாம். நாங்கள் வந்த அன்றோடு அப்பா வெட்கப்பட்டு அதை ஒளித்துவைத்துவிட்டாராம்.

ஊரில் யுத்தத்தால் பற்றரி கிடைக்காத காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பக்கத்து வீட்டு அண்ணை பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய ரேப்பில்தான் கடைசிக் கசெட்டுகளைப் பதிந்தோம். அண்ணைக்குக் கை அலுத்தால் வேகம் குறையும், திருப்பிப் போட்டுக் கேட்டால் அந்த இடத்தில் குரல் மெலிந்து கீச்சென்று மேலே ஏறும். மிராபெலில் நான் கேட்ட 'அப்பா' அதுதான். என்னுடையதுதான்.

காரில் ஏறினோம். அவளுக்குச் சொல்லவில்லையா என்று அப்பாவைக் கேட்டேன்.

"சொன்னா அழுவா" என்றார்.

இதை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் பிள்ளைகளிடம் இப்படித்தான் விடைபெற்றார்கள். கொழும்புக்குப் போகிற பஸ்ஸோ, கப்பலோ, பிளேனோ, பிள்ளை நித்திரையாகும்வரை அல்லது எங்காவது போகும்வரை காத்திருப்பார்கள். அப்பா கனடாவுக்கு வெளிக்கிட்ட நாள் என்னைப் பக்கத்து வீட்டு அண்ணையோடு பாண் வாங்கக் கடைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. நான் அழவில்லை, உண்மைதான். பாணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படலையடியில் இருந்தேனாம். எவ்வளவு நல்ல பிள்ளை, ஒரு சத்தமும் இல்லை என்று அம்மா பல வருடங்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

அவள் அன்று பின்னேரம் வாசல் கதவடியில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. அப்பா நல்லது செய்ததாகத்தான் நினைத்தார்; ஒரு பிள்ளைக்கு முழுத் தகப்பனாக இருப்பதென்றால் மற்றப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமல் போகவேண்டும் என்று. அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். நானும்தான். புது வீட்டில் அவர் முழுக்க எனக்கே கிடைத்தார். ஆனால் ஒரு மாதமளவு, வேலையால் வந்ததும் வாசலில் நின்று இரண்டு கையையும் கொஞ்சம் அகட்டிக்கொண்டு நிற்பார். பையில் யாராவது கைவிடக் காத்திருப்பவர்போல. எனக்குப் பத்து வயது. நான் போய்க் கைவிடவில்லை.

அவர் பிறகு பழகிக்கொண்டார், மெதுவாக. எனக்குச் சப்பாத்து வாங்குவதென்றால் என்னையே கூட்டிக்கொண்டுபோய் அளக்கச் சொல்வார். எனக்கு நாற்பது வயது தாண்டியும், ஒரு சேட்டு வாங்குவதற்கு முன் என்ன அளவு என்று தொலைபேசியில் கேட்பார்.

அவருடைய செத்தவீட்டில் நடுத்தர வயதில் ஒரு பெண் வந்தாள். கையில் பிடித்திருந்த இரண்டு பிள்ளைகளும் தங்களுக்குள் பிரெஞ்சில் குசுகுசுத்தன. அவள் பெட்டியடியில் நின்று, என்னைவிட அதிகமாக அழுதாள். யாரென்று எனக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அந்த இடத்தில், அந்த வயதில், அப்பாவின் உடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. அம்மா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அண்டைக்கு நீ வரும் மட்டும் நாங்கள் நிண்டிருக்கலாம், பிள்ளை."

அவள் தலையை ஆட்டினாள். ஓம் என்றா, பரவாயில்லை என்றா, தெரியவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு ஒரு கிழமை இருந்தேன். கடைசியில் மகளிடமே கேட்டேன். அவள் குசினியில் நின்று பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தானே இருந்தேன், அவரை எதற்குக் கூப்பிட்டாய் என்று, கோபமில்லாத குரலில் கேட்பதாக நினைத்துக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அங்கிள் முதல்ல 'எங்க நிக்கிறாய்' எண்டு கேப்பார். நீங்கள் 'ஏன்' எண்டு கேப்பீங்கள். ஏன் இந்த மழைக்க வெளிக்கிட்டனி, ஏன் அந்த றோட்டால போனனி, ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை."

"நான் ஏன் அப்பிடி..." என்று தொடங்கி, அந்த இடத்திலேயே நிறுத்தினேன். அவள் சிரிக்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. பாணில் ஒரு துண்டைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள்.

அன்று பின்னேரம் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் லொறிச் சத்தம். கேட்கவேண்டியதைக் கேட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் வருகிறேன் என்றார், ஆனால் நீங்களும் வரவேண்டும் என்றார். நான் பக்கத்தில் இருந்தால் அவள் பயப்படுவாள் என்றேன்.

"பக்கத்தில நான் இருக்கிறன், தம்பி. நீங்கள் பின்னால இருங்கோ. வாயை மட்டும் வீட்டில வச்சிட்டு வாங்கோ."

எங்கள் காரின் பின் இருக்கையில் நான் அதுவரை இருந்ததே இல்லை. முழங்கால் முன் இருக்கையில் இடித்தது. மகளின் கழுத்தின் பின்பக்கமும், அவருடைய நரைத்த பிடரியும்தான் தெரிந்தன. பாதி வழியில், பொயின்ட்-கிளேர் தாண்டியதும், அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார், மகள் சிரித்தாள். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. நெடுஞ்சாலை இரைச்சல். என்ன சொன்னீர்கள் என்று கேட்க வாய் உன்னியது, கேட்கவில்லை.

அந்த வளைவு வந்தது. அவள் தோள்கள் இரண்டும் காதுக்கு உயர்ந்தன. அவர் தன் கையை மடியில் வைத்தபடி இருந்தார். நான் கண்ணை மூடவில்லை. கார் வேகம் குறைந்து, திரும்பி, நேராகி, இறங்கியது. தோள்கள் மெல்ல மெல்லக் கீழே வந்தன.

கல்லூரித் தரிப்பிடத்தில் நிறுத்தினாள். அண்ணை கோப்பி வாங்கிவருகிறேன் என்று இறங்கிப் போனார். எனக்கு முன்னால், அவளுக்குப் பக்கத்தில், அவர் இருந்த இருக்கை வெறுமையாகக் கிடந்தது. முன்னுக்கு வாங்கோ என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்ணாடி உள்ளே ஆவி படிந்தது, அவள் கைவிரலால் துடைத்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்:

"அப்பா, திரும்பிப் போகேக்க நாப்பதால போகட்டோ, வந்த இருபதாலயே போகட்டோ?"

நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் லொறிகள் அதிகம், காற்றும் அடிக்கும், ஞாயிறென்றால் அங்கே பனி உருக உப்பும் போட்டிருக்கமாட்டார்கள். சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது.

"உனக்கு எது லேசு?" என்றேன்.

"இருபது" என்றாள்.

அவர் மூன்று கோப்பியோடு வந்து, முன் கதவைத் திறந்து, தன் இடத்தில் ஏறி இருந்தார். எனக்குரியதைப் பின்னால் நீட்டினார். எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருந்தது. கோப்பியை வாங்கிக்கொண்டு, பெல்ட்டைப் போட்டேன்.